இடி இடித்தபோது பிளக்கைப் பிடுங்கியது யார்?

எங்கள் பழைய கம்பெனிக்கு ஒரு வாட்ஸாப் குழு இருக்கிறது. ஓய்வு பெற்றவர்கள், இன்னும் வேலையில் இருப்பவர்கள், வேலையை விட்டும் குழுவை விடாதவர்கள் என்று எல்லோரும் அதில் உண்டு. பெரும்பாலும் காலை வணக்கமும் ரோஜாப் பூவும்தான் வரும். போன மாதம் அதிசயமாக ஒரு தொழில் கேள்வி வந்தது. இடி மின்னலுக்குப் பிறகு ஓர் ஆபீஸ் போன் சிஸ்டம் படுத்துவிட்டால் முதலில் எதைப் பார்ப்பீர்கள் என்று கேட்டிருந்தார்கள். ஆளாளுக்கு எழுதினார்கள். எர்த் கம்பி என்றார் ஒருவர், பவர் சப்ளை என்றார் இன்னொருவர். நான் "ஆளைக் கேட்பேன்" என்று எழுதினேன். உடனே சிரிக்கும் பொம்மைகள் வரிசை கட்டின. "மீனாக்கா ரிட்டயர் ஆகி ஜோசியம் பாக்குறாங்க லா" என்று ஒருத்தர் போட்டார். அந்தச் சின்னத் திரையில் விரலால் தட்டித் தட்டி விளக்கம் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் கோலாலம்பூருக்கு வடக்கே செரண்டாவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஈயம் பற்றவைக்கும் வரிசையில் இருந்தவள். அங்கிருந்து ரவாங்கில் ஆபீஸ் போன் பொருத்தும் ஒரு சின்னக் கம்பெனிக்கு வந்தேன். முதலில் மேசை வேலை. கெட்டுப்போன சர்க்யூட் கார்டுகளைக் கொண்டுவந்து கொட்டுவார்கள், உட்கார்ந்து பழுது பார்ப்பேன். வெளிவேலைக்குப் போகிற ஆள் ஒருநாள் சொல்லாமல் வேலையை விட்டு நின்றுவிட்டார். வேறு வழியில்லாமல் என்னை அனுப்பினார்கள். போன முதல் இடத்திலேயே, "பொம்பள ஏணி ஏறுவாளா?" என்று ஒரு கிளார்க் கேட்டார். ஏணியைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று அவரிடமே சொன்னேன். வேலை முடியும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்.

கோலசிலாங்கூர் ஆற்றங்கரையிலிருந்து கெர்லிங் வரைக்கும் எங்கள் எல்லை. தோட்ட ஆபீஸ்கள், செம்பனை ஆலைகள், பாகான் நக்கோடா ஓமாரில் மீனுக்கு ஐஸ் செய்யும் ஓர் இடம், எல்லாம் அதில் அடக்கம். கடற்கரைப் பக்கம் உப்புக் காற்று ஆணியைக்கூட விட்டுவைக்காது. உள்பக்கம் எறும்பு. போன் பெட்டியைத் திறந்தால் குடும்பத்தோடு குடியிருக்கும்.

என் சூப்பர்வைசர் குணசீலன். எல்லோருக்கும் மிஸ்டர் குணா. எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, சட்டைப் பையில் ஒரு சீப்பு. புதிதாக வரும் யாருக்கும் அவர் ஸ்குரு டிரைவரைத் தருவதில்லை. "கைய மொதல்ல பாக்கெட்ல போடு," என்பார். "மூக்கு, காது, கண்ணு. கை கடைசி." பழுதான பெட்டிக்கு முன்னால் அப்படியே கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நிற்கவேண்டும். கருகின வாசம் வருகிறதா? உள்ளே ஏதாவது முனகுகிறதா, தட்டுகிறதா? எந்த விளக்கு எரிகிறது? இதெல்லாம் முடிந்த பிறகுதான் தொடலாம். பார்க்கிறவர்களுக்கு நாங்கள் வேலை செய்யாமல் வேடிக்கை பார்ப்பதுபோல இருக்கும். ஒரு தோட்ட மேனேஜர் எங்களுக்கு நாற்காலி கொண்டுவரச் சொன்னார்.

மிஸ்டர் குணாவுக்குப் பிடிக்காத ஒரு சொல் உண்டு. "இடி அடிச்சிருச்சு." யாராவது அப்படிச் சொன்னால் முகம் சுண்டிவிடும். "இடி மேல பழி போடுறது ரொம்ப வசதி. அது திருப்பிப் பேசாது," என்பார். கெர்லிங்கில் ஓர் ஆபீஸில் மாதம் முழுக்க இடியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். திறந்து பார்த்தால் ஒரு பல்லி இரண்டு கம்பிகளுக்கு நடுவே காய்ந்து கிடந்தது.

அவருடைய இன்னொரு பழக்கம், பழுது பார்த்து முடித்ததும் நாங்கள் போனைத் தொடக்கூடாது. அங்கே வேலை செய்கிறவரையே கூப்பிட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். "நமக்கு வேல செஞ்சா என்ன புண்ணியம்? நாம சாயங்காலம் வீட்டுக்குப் போயிருவோம்," என்பார். அவர் சொன்னதில் நான் இன்றுவரை மாற்றாதது இது ஒன்றுதான்.

இனி அந்த ஆலைக்கு வருகிறேன்.

கோலசிலாங்கூரிலிருந்து உள்ளே தள்ளி, செம்பனைக்கு நடுவே இருந்த ஆலை அது. பெயர் வேண்டாம். அங்கே வாய்ஸ்மெயில் பெட்டியை நான்தான் பொருத்தியிருந்தேன். இப்போது நொடிக்கொரு வாய்ஸ் நோட் அனுப்புகிற பிள்ளைகளுக்கு அது என்னவென்று சொல்லவேண்டியிருக்கிறது. ஒரு சாப்பாட்டு டப்பா அளவுள்ள பெட்டி. ஆபீஸ் போனை யாரும் எடுக்காவிட்டால் இது எடுக்கும், கூப்பிட்டவர் பேசுவதைப் பிடித்து உள்ளே வைத்துக்கொள்ளும். காலையில் வந்து கேட்டுக்கொள்ளலாம். பேச்செல்லாம் ஒரு தட்டில் பதிந்து அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தது, கரண்ட் நின்றாலும் அழியாது. பெட்டி போனால் பேச்சும் போச்சு.

அந்த ஆலை மேனேஜர் தனபாலனுக்கு இந்தப் பெட்டியின் மேல் தனிப் பிரியம். முன்பெல்லாம் வேலைக்கு வர முடியாதவர்கள் கூட்டாளியிடம் சொல்லி அனுப்புவார்கள். கூட்டாளி வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் சொல்வார், மண்டோர் மறந்துவிட்டேன் என்பார். கடைசியில் யார் பொய் சொல்கிறார் என்று மேனேஜர் தலையைப் பிய்த்துக்கொள்வார். பெட்டி வந்ததும் சட்டம் போட்டுவிட்டார். வர முடியாதவர் மெஷினில் சொல்லவேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும் சொன்னதாகக் கணக்கில்லை. சொல்லாமல் இரண்டு நாளுக்கு மேல் வராவிட்டால் வேலை நீக்கக் கடிதம். "மனுசன் மறப்பான், மெஷின் மறக்காது," என்று என்னிடமே பெருமையாகச் சொன்னார். பெட்டிக்கு மேலே மூன்று மொழியில் ஒரு நோட்டீஸும் ஒட்டினார். இயந்திரத்தை யாரும் தொடக்கூடாது, மீறினால் நடவடிக்கை.

ஒரு திங்கட்கிழமை விடியலில் கடலிலிருந்து பெருங்காற்றும் மழையும் இடியுமாக வந்து அடித்தது. ஆலையின் வெளி போன்கள் எல்லாம் ஊமை. நான் போனேன். போன் சிஸ்டத்தைத் திறக்கும் முன்பே கருவாட்டைத் தீயில் போட்டதுபோல நாற்றம். வெளி லைன் வந்து சேரும் கார்டு கருகியிருந்தது. மாற்றினேன், போன்கள் பேசின. வாய்ஸ்மெயில் பெட்டி மட்டும் பேசவில்லை. விளக்கு எரிந்தது, ஆனால் கூப்பிட்டால் எடுக்கவில்லை. கரண்ட் வரும் கம்பியின் நுனியைக் கழற்றி மீட்டரில் வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு வோல்ட் சுத்தமாகக் காட்டியது. அதற்குத் தேவையும் பன்னிரண்டுதான். சாப்பாடு சரியாக வருகிறது, ஆள்தான் எழவில்லை என்றால் உள்ளே ஏதோ கருகியிருக்கிறது என்று பொருள். மிஸ்டர் குணா கோலாலம்பூரில் புதுப்பெட்டிக்கு ஆர்டர் போட்டார். அது வியாழக்கிழமைதான் கைக்கு வந்தது.

வியாழக்கிழமை நான் புதுப்பெட்டியோடு போனபோது ஆபீஸ் வாசலில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கன்னியப்பன், அந்த ஆலையின் லோரி டிரைவர். கசங்கிய சட்டை, முகத்தில் தாடி. நான் வேனிலிருந்து பெட்டியை இறக்கும்போது ஓடிவந்து அதை வாங்கிக்கொண்டார்.

"அக்கா, நீங்கதான் மெஷின் ஆளா?"

"ஆமா தம்பி."

"ஞாயித்துக்கெழம சாயங்காலம் கிள்ளான் ஆஸ்பத்திரிலேருந்து அதுல பேசினேன்க்கா. என் ஒய்ஃபுக்கு டெங்கி. தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரில வச்சிருந்து, முடியலன்னு கிள்ளானுக்கு அனுப்பிட்டாங்க. நான் வர முடியாதுன்னு சொல்லித்தான் வச்சேன். இப்ப மெசேஜ் இல்ல, நீ சொல்லலன்றாங்க." கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். "இதப் புதுசா வச்சிட்டா, என் பேச்சு எங்கக்கா போகும்?"

பழைய பெட்டி குப்பைக்குப் போகும், அதோடு அவர் பேச்சும் போகும். உள்ளே மேனேஜரிடம் போனேன். மேசையில் வேலை நீக்கக் கடிதம் டைப் அடித்துத் தயாராக இருந்தது.

"மிஸ் மீனா, பாவம் பாக்கிறதுன்னா நானும் பாப்பேன்," என்றார் அவர். "ஆனா மெஷின் ரோசாக், கெட்டுப்போச்சுன்னு ஆலை முழுக்கத் தெரியும். திங்கக்கெழமையிலேருந்து வராதவன் எல்லாம் மெஷின்ல சொன்னேன், மெஷின்ல சொன்னேன்னு ஒரே பாட்டு. இவனை விட்டா எல்லாரையும் விடணும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. மிஸ்டர் குணாவைப் போனில் பிடித்து, பழைய பெட்டியை இன்னொரு முறை பார்க்கட்டுமா என்று கேட்டேன். அந்தப் பக்கம் அவர் சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டிருப்பார்.

"மூக்கு?" என்றார்.

"வாசமே இல்ல சார். அதான் ஒரு மாதிரியா இருக்கு."

"காது?"

"சரியாக் கேக்கல சார். பக்கத்துல ரேடியோ கத்துது."

"அப்ப நீ இன்னும் பாக்கல. ரேடியோவ அடக்கிட்டுக் கேளு. சாப்பாட்டு நேரம் வரைக்கும் பாரு, அதுக்கு மேல மாத்திடு."

வாய்ஸ்மெயில் பெட்டி இருந்தது ரிசப்ஷன் மேசைக்குப் பின்னால், ஓர் இரும்பு அலமாரிக்கு மேல். பக்கத்திலேயே ஒரு சின்ன ரேடியோ. இரண்டுக்கும் கரண்ட் அடாப்டர்கள் அலமாரிக்குப் பின்னால் சுவரில் சொருகியிருந்தன. அலமாரி நிறைய பழைய கோப்புகள், நான்கு ஆள் வந்தால்தான் நகரும். முன்பக்கம் தெரிவது இரண்டு கறுப்புக் கம்பிகள் மட்டுமே. அந்த மேசையில் இருந்தவர் தெரேசா அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கழுத்தில் சின்னச் சிலுவை. நான் எப்போது போனாலும் கோப்பி கலந்து வைத்துவிட்டுத்தான் வணக்கமே சொல்வார். அன்றைக்கு கோப்பியும் இல்லை, பேச்சும் இல்லை.

"அக்கா, அந்த ரேடியோவக் கொஞ்சம் கொறைங்களேன்."

"கொறச்சுத்தான் வச்சிருக்கேன் மீனா. திங்கக்கெழமையிலேருந்து அது இப்படித்தான் கத்துது. இடியில அதுவும் ரோசாக் ஆயிருச்சு போல. தொட்டுப் பாரு, இட்லிச் சட்டி மாதிரி சுடுது."

தொட்டேன். உண்மையாகவே சுட்டது. அணைத்தேன். அந்த அமைதியில் பெட்டியின் சத்தம் முதல்முறையாகக் காதில் விழுந்தது. உள்ளே ஏதோ எழப் பார்த்து, முடியாமல் டிக் என்று விழுந்தது. மறுபடி எழப் பார்த்தது, மறுபடி டிக். கருகின பெட்டி இப்படி முயற்சி செய்யாது. இது பசியில் கிடக்கிறது. இடி விழுந்த ரேடியோவும் ஊமையாகும், பலசாலி ஆகாது. இந்த ரேடியோ தின்று கொழுத்துக் கத்துகிறது.

கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு அந்த இரண்டு கறுப்புக் கம்பிகளையும் பார்த்தேன். ஒரே தடிமன், ஒரே மாதிரி நுனி. ரேடியோவுக்கு ஒன்பது வோல்ட், பெட்டிக்குப் பன்னிரண்டு. அந்தக் காலத்து மலிவான ஒன்பது வோல்ட் அடாப்டரைச் சும்மா அளந்தால் மீட்டரில் பன்னிரண்டு காட்டும். வேலை கொடுத்த பிறகுதான் அதன் குட்டு வெளிப்படும். வெறும் லோரி எந்த மேட்டிலும் ஏறும், செம்பனைப் பழம் ஏற்றினால்தானே தெரியும். நான் திங்கட்கிழமை அளந்தது வெறும் லோரியை.

ரேடியோவின் கம்பி பெட்டியிலும் பெட்டியின் கம்பி ரேடியோவிலும் இருந்தன. கம்பிகள் தாங்களாக இடம் மாறாது. யாரோ கழற்றி மாற்றிச் சொருகியிருக்கிறார்கள். தெரேசா அக்காவிடம் கேட்கவேண்டியதுதான். ஆனால் எப்படிக் கேட்பது? தலைக்கு மேலே மேனேஜரின் நோட்டீஸ் தொங்குகிறது. "தொட்டீங்களா?" என்று கேட்டால் உலகத்தில் எந்த ஆபீஸிலும் ஒரே பதில்தான் வரும்.

"அக்கா, நீங்களும் தோட்டத்துலதானே வளந்தீங்க?"

"ஆமா. ஏன்?"

"உங்க வீட்ல இடி இடிச்சா யாரு பிளக்கப் புடுங்குவா?"

அவர் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. "நான்தான். வேற யாரு? அம்மா அடுப்படியிலேருந்து கத்தும், ஏய் தெரேசா, பிளக்கப் புடுங்குடின்னு. டிவி பிளக்கப் புடுங்கிட்டு, ஏரியல் ஒயரக் கழட்டி ஜன்னலுக்கு வெளிய தூக்கிப் போடணும். லயத்துல ஒவ்வொரு வீட்லயும் அதுக்குன்னு ஒரு ஆளு இருக்கும்ல."

"எங்க வீட்ல நான்," என்றேன். "இன்னிக்கும் இடி சத்தம் கேட்டா கை தானாப் போயிரும்."

அவர் சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்தார், நோட்டீஸைப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

"எனக்கும் போயிருச்சு மீனா. கதவத் தொறந்து உள்ள வந்தேன், வானம் பொளக்குற மாதிரி ஒண்ணு விழுந்துச்சு. பின்னால பிளக்கு எட்டல. சிலுவை போட்டுக்கிட்டே முன்னால இருந்த ஒயர் எல்லாத்தையும் புடுங்கிட்டேன், போன் ஒயரு, ரேடியோ, எல்லாம். மழ விட்டதும் திருப்பிச் சொருகினேன். அப்பறம் பாத்தா மெஷின் செத்துப் போச்சு. நான்தான் சாகடிச்சேன். வாயத் தொறக்கல. ஏற்கனவே ஒரு வார்னிங் லெட்டர் வாங்கிட்டேன், இன்னொண்ணு வந்தா வேல போயிரும். தொறக்கலன்னா அந்தப் புள்ளைக்கு வேல போகுது. மூணு நாளா சோறு எறங்கல."

"சாகடிக்கல அக்கா," என்றேன். "நீங்க புடுங்கலன்னா இதுவும் அந்த லைன் கார்டு மாதிரி கரியாப் போயிருக்கும். திருப்பிச் சொருகுறப்ப மாத்திச் சொருகிட்டீங்க, அவ்வளவுதான்."

அவர் நம்பவில்லை. இரண்டு கம்பிகளையும் கழற்றி, இடம் மாற்றிச் சொருகினேன். பெட்டிக்குள் டிக் சத்தம் வரவில்லை. மெல்லிய ரீங்காரம் ஒன்று எழுந்து நிலைத்து நின்றது. பழைய பழக்கப்படி நான் போனைத் தொடாமல், "நீங்க கூப்பிட்டுப் பாருங்க," என்றேன். அவர் எண்களை அழுத்தி ஸ்பீக்கரைப் போட்டார். அவர் குரலிலேயே பதிந்து வைத்திருந்த வணக்கம் வந்தது. அவர் மேசையில் தலை கவிழ்ந்து அழுதுவிட்டார்.

மேனேஜரைக் கூப்பிட நான் கிளம்பினேன். தெரேசா அக்கா என்னை விலக்கிவிட்டுத் தானே போனார். உள்ளே என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. தனபாலன் வெளியே வந்தபோது முகம் இறுகியிருந்தது.

"போடுங்க," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை என்று மெஷின் ஆங்கிலத்தில் கிழமையைச் சொன்னது. பிறகு பொதுத் தொலைபேசியின் இரைச்சல், பின்னணியில் யாரோ நர்ஸைக் கூப்பிடும் குரல். அதற்குப் பிறகு கன்னியப்பன்.

"ஹலோ... ஹலோ... தெரேசாக்காவா? ஓ, மெஷினா. சரி. நான் கன்னியப்பன், லோரி டிரைவர். என் ஒய்ஃப் கிள்ளான் ஆஸ்பத்திரில இருக்கா, ரத்தம் கொறஞ்சுகிட்டே போகுதுன்றாங்க. நாளைக்கு வர முடியாது. எப்ப வருவேன்னு தெரியல, மேனேஜர்கிட்ட சொல்லிருங்கக்கா." சொல்லி முடித்தும் போனை வைக்கவில்லை. வைக்கத் தெரியாமல் நின்றிருக்கிறார். "அக்கா, இங்க வானம் ரொம்பக் கறுத்துக்கிட்டு வருது. அங்கயும் வரும். மெஷின் பிளக்கப் புடுங்கி வச்சிருங்க. இல்லன்னா நான் சொன்னது போயிரும்."

தனபாலன் நிமிர்ந்து தன் நோட்டீஸைப் படித்தார், மூன்று மொழியிலும்.

"ரூல்னு ஒண்ணு இருக்கு தெரேசா," என்றார் கடைசியில். "லெட்டர் குடுக்கத்தான் வேணும்."

"குடுங்க சார்," என்றார் தெரேசா அக்கா.

கொடுக்கவும் செய்தார். ஆனால் கடிதத்தில் எச்சரிக்கை என்ற சொல் இல்லை, அறிவுரை என்று போட்டிருந்ததாக அக்கா பிறகு சொன்னார். அடுத்தமுறை நான் சர்வீஸுக்குப் போனபோது நோட்டீஸும் மாறியிருந்தது. இயந்திரத்தை யாரும் தொடக்கூடாது என்பதற்குக் கீழே ஒரு வரி கூடுதல்: இடி நேரத்தில் பிளக்கைக் கழற்ற அனுமதி உள்ளவர், திருமதி தெரேசா. கம்பிகள் மறுபடி மாறாமலிருக்க நான் கட்டிவிட்டுப் போன சிவப்பு நாடா பெட்டியின் கம்பியில் அப்படியே இருந்தது.

அன்றைக்கு நான் புதுப்பெட்டியைத் திரும்ப வேனுக்குத் தூக்கிக்கொண்டு வரும்போது தனபாலன் எனக்கு முன்னால் வாசலுக்கு வந்துவிட்டார். கையில் கன்னியப்பனுக்கு டைப் அடித்திருந்த கடிதம் மடங்கிக் கசங்கியிருந்தது. கன்னியப்பன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். தன்னை அறியாமலே, "நெசமாவே பேசினேன் சார், ஞாயித்துக்கெழம..." என்று ஆரம்பித்தார். காலையிலிருந்து எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அவருக்கு அது மட்டும்தான் வாயில் வந்தது. நாங்களும் அதை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தோம்.

தனபாலன் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

"ஒய்ஃப் இப்ப எப்படி இருக்காங்க?"

கன்னியப்பன் படியில் உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தெரேசா அக்கா உள்ளேயிருந்து ஒரு கோப்பியைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றார்.

"பரவால்ல சார்," என்றார் கன்னியப்பன் துண்டுக்குள்ளிருந்து. "நேத்து ராத்திரி கஞ்சி குடிச்சா."